கடலடியில் கிடப்பவர்கள் யார் கணக்கில்?

மூழ்கிய கப்பல் யாருக்குச் சொந்தம்? பி.காம். படிப்பவர்களுக்கு இது பழகிய கேள்விதான். கடல் காப்பீட்டுப் பாடத்தில் வரும். கப்பல் போய்விட்டால் முழு இழப்பு. காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டால், கடலடியில் இருக்கும் மிச்சத்தை அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம். 1963-ஆம் வருடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஐந்து மார்க் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

போர்க்கப்பலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது எந்த நாட்டுக் கொடியோடு மூழ்கியதோ, அந்த அரசே கைவிட்டேன் என்று சொல்கிறவரை, எத்தனை வருடமானாலும் அந்த அரசின் சொத்துதான். பெரிய கடற்படை வைத்திருக்கும் நாடுகள் இதில் பிடிவாதமாக இருக்கின்றன. சரி, இரும்புக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். உள்ளே கிடக்கும் ஆட்களுக்கு?

இது ஏதோ தூரதேசத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் புவனகிரி வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றோடு கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை, அப்புறம் கடல். 1749 ஏப்ரலில், தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிய ஆங்கிலேயப் படை பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் இதே ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தது. அப்போது அடித்த புயலில் கூடாரங்கள் பறந்தன. கடலில் நடந்தது அதைவிடக் கொடுமை. தளபதி பாஸ்கவனின் தலைமைக் கப்பல் 'நாமூர்' கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைப் பக்கம் மூழ்கியது. 500 பேருக்கு மேல் போனார்கள். பாஸ்கவன் கரையில் இருந்ததால் பிழைத்தார். 'பெம்புரோக்' இன்னும் தெற்கே, கொள்ளிடம் பக்கம் போய் உடைந்தது. அதில் 300 பேருக்கு மேல். பிழைத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். இந்தப் பெயர்களை எங்கள் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

அதோடு முடியவில்லை. 1761 ஜனவரி 1-ம் தேதி, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைப் புயல் அடித்ததில் சுமார் 1,100 பேர் இறந்தார்கள். நாம் சில்வர் பீச்சில் சுண்டல் தின்றுகொண்டு பார்க்கிற கடல் இதுதான்.

இவர்களை எந்தச் சட்டம் காப்பாற்றும் என்று தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் 1986-ல் போர்ச் சிதைவுகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். போர்க்கப்பல் கிடக்கும் இடத்தை அறிவித்துவிட்டால் அதைத் தொடுவது குற்றம். ஆனால் அதில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: மூழ்கி 200 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. நாமூருக்கு 1949-லேயே 200 முடிந்துவிட்டது. எங்கள் கணக்குப் பாஷையில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். இயந்திரத்துக்கு வருடா வருடம் கழித்துக் கடைசியில் பூஜ்யம் போடுவோமே, அந்த மாதிரி செத்தவர்களுக்கும் போட்டுவிட்டார்கள்!

யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை இதற்கு நேர் எதிர். தண்ணீருக்கடியில் 100 வருடமாவது இருந்திருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். அங்கே நாமூருக்கு இடம் உண்டு. ஆனால் இந்தியா அதில் சேரவில்லை. நம் ஊர்ச் சட்டங்கள்? 1958-ஆம் வருட வணிகக் கப்பல் சட்டத்தில், கேட்பாரற்ற சிதைவை ஒரு வருடம் பார்த்துவிட்டு விற்றுவிடலாம் என்று இருந்தது. 2025-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளைக் காக்கும். பொருளை! பீரங்கிக்குப் பாதுகாப்பு உண்டு, அதைச் சுட்டவனின் எலும்புக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 'அவன் சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட ஜெர்மன் கப்பல். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். 1950-களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி அதைப் பழைய இரும்புக்கு வெட்டி எடுத்தது. ஆஸ்திரேலியா அதைப் பாதுகாக்கப்பட்ட சிதைவாக்கியது 1982-ல். ஜாவா கடலில் 1942-ல் மூழ்கிய டச்சுக் கப்பல்கள் 'டி ராய்ட்டர்', 'ஜாவா' இரண்டும் 2016-ல் போய்ப் பார்த்தபோது இடத்திலேயே இல்லை. முழுக் கப்பலையும் திருடிவிட்டார்கள். உள்ளே இருந்த எலும்புகள் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ.

நண்பன் ஒருவன் கேட்டான், "நம்ம நாட்டைப் பிடிக்க வந்தவனுக்கு நீ ஏன்டா அழற?" நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்னது காஸி கதை. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்தைத் தாக்க வந்து அங்கேயே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி. உள்ளே 90 பேருக்கு மேல். 2024-ல் நம் கடற்படை புதிய மீட்பு நீர்மூழ்கியை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தும் தொடவில்லை. இறந்தவர்களுக்கு மரியாதை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதே டிசம்பர் 9-ம் தேதி டையூவுக்கு அப்பால் நம்முடைய 'குக்ரி' 194 பேரோடு மூழ்கியது. கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. நம் பிள்ளைகளை யாரும் கிளறக் கூடாது என்று நினைக்கிற நாம், அவன் பிள்ளையையும் கிளறக் கூடாது, அவ்வளவுதான். நண்பன் பதில் சொல்லவில்லை. டீக்கு மட்டும் அவன் காசு கொடுத்தான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2004 சுனாமியில் உடல் கிடைக்காமல் போனவர்களுக்குக் கடலைப் பார்த்துத்தான் திதி கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கடல்தான் கல்லறை.

இத்தனை வருடத்துக்கு அப்புறம் கடலடியில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்கலாம். பூம்புகார் கடலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் தேடியபோது ஒரு பழைய கப்பல் சிதைவு கிடைத்தது. அதிலிருந்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்று வருடம் பொறித்திருந்தது அழியாமல் இருக்கிறது. அது சரக்குக் கப்பல்தான். ஆனால் அதே கரை, அதே சேறு.

தேடுவதற்கும் வெளியூர் போக வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. அன்னங்கோயில் பக்கம் தெரிந்த மீனவர் ஒருவரிடம் கேட்டேன். "ரெண்டு மூணு எடத்துல வலை மாட்டும் தம்பி. பாறை கிடையாது, வேற என்னமோ கெடக்கு. எங்கப்பா காலத்துலேர்ந்தே அங்க வலை போடுறதில்ல" என்றார். எந்தெந்த இடம் என்று கைகாட்டிச் சொன்னார். நான் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.