திறப்பு யாரிடம்?

2025 தை மாதம். கிளினிக்குக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மா எங்கள் மாதர் சங்கத்தின் படியில் களைத்துப்போய் அமர்ந்தார். அவருக்கு நீரிழிவு. “டொக்டர் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்றார். எங்க மகள் நடக்கிற? ரோட்டில மோட்டார் சைக்கிள், ஒழுங்கைக்குள்ள நாய்” என்றார்.

“பூங்கா இருக்குதானே அம்மா?” என்றேன். அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

எங்களுடையது சிறிய நகரம். மட்டக்களப்பில் வாவிக்கரையில் காந்தி பூங்காவும் யாழ்ப்பாணத்தில் சுப்பிரமணியம் பூங்காவும் இருப்பதுபோல எங்களுக்கும் ஒன்று உண்டு. குளக்கட்டோரம் நடைபாதை, ஊஞ்சல், பக்கத்தில் மைதானம், வாசிகசாலை, சனசமூக மண்டபம். எல்லாம் எல்லோருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மாலை போய்ப் பார்த்தேன். ஊஞ்சலடியில் பிள்ளைகளோடு சில தாய்மார். நடைபாதையில் ஒரு பெண்கூட இல்லை. மைதானத்தில் இளைஞர்களின் கிரிக்கெட். பெண் பிள்ளைகளுக்கு ஒரு வலைப்பந்தாட்டத் திடலேனும் இல்லை. 2018 இல் ஆசியச் சம்பியனான நமது வலைப்பந்தாட்ட அணியின் நட்சத்திரம் தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பெண் என்பது நினைவுக்கு வந்தது.

சமூகவியல் படித்தவள் அல்லவா? உடனே வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்தேன். “நீங்கள் ஏன் பூங்காவுக்கு வருவதில்லை?” பெரும்பாலும் ‘நேரமில்லை’ என்றே பதில் வந்தது. நமது பெண்களுக்குத் தம் உடல்நலத்தில் அக்கறையில்லை என்று அறிக்கையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த ஒரு நாள் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மகள், சீனி வருத்தக்காரிக்கு அடிக்கடி போகவேணும். அங்க மலசலகூடம் பூட்டு. திறப்பு காவலாளித் தம்பியிட்ட. ஒவ்வொரு முறையும் ஒரு ஆம்பிளையிட்டப் போய் எப்படிக் கேக்கிற?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபத்திரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். மலசலகூடம் பற்றி ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

அப்போது சபையில் உறுப்பினர்கள் இல்லை. 2018 இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. “திறந்து வைத்தால் உடைத்துப்போடுவார்கள்” என்று வாய்மொழியாக மட்டும் சொன்னார்கள்.

2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்தே நடைமுறையில் உள்ளது. அதன் பயனாகச் சபைக்குப் போன பெண் உறுப்பினர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் எங்களோடு பூங்காவுக்கு வந்தார். தாமே போய்த் திறப்பைக் கேட்டும் பார்த்தார். அதன்பின் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாங்களும் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். பூங்காவுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எதற்குச் செலவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டோம். பதில் வந்தது. பெயின்ற் பூச்சுக்கும் அலங்கார வளைவுக்கும் பணம் இருந்தது. மலசலகூடத்தைத் துப்புரவாக்க ஓர் ஆளுக்குப் பணம் இல்லை.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. வெள்ளம் ஏறிய குடும்பங்கள் சில சனசமூக மண்டபத்தில் தங்கின. கைக்குழந்தைக்காரிகள், கர்ப்பிணிகள், முதியவர்கள். வேறு வழியின்றிப் பூங்கா மலசலகூடத்தை இரவு பகலாகத் திறந்து வைத்தார்கள். பெண்கள் முறை வைத்துக் கழுவினார்கள். யாரும் எதையும் உடைக்கவில்லை.

வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் அந்த உறுப்பினர் இதைத்தான் சொன்னாராம். 2026 இற்கு ஒரு பெண் துப்புரவுப் பணியாளரின் சம்பளமும் நடைபாதைக்கு இரண்டு மின்விளக்குகளும் சேர்க்கப்பட்டன. வலைப்பந்தாட்டத் திடல் கிடைக்கவில்லை. அதற்கு இந்த வருடமும் நடக்கத்தான் வேண்டும்.

அம்மா இப்போது மாலையில் வருகிறார். முதலில் தனியே வந்தார். இப்போது மூன்று பேர். மூச்சு வாங்கினால் வாங்கில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அதுவும் மருந்துதான்.

சகோதரிகளே, உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் இல்லை என்றும் பாருங்கள். வராதவர்களிடம் “ஏன் வரவில்லை?” என்று என்னைப்போல் கேட்காதீர்கள். “வந்தால் என்ன கஷ்டம்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு, வருட முடிவில் வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்னரே சபைப் படியேறுங்கள். நமது வரிப்பணத்தில் கட்டிய கதவின் திறப்பை நாம் கேட்பதில் வெட்கம் எதற்கு?