திண்டுக்கல்லிலிருந்து தாண்டிக்குடிக்கு

திண்டுக்கல் என்றவுடன் நேயர்களுக்குப் பூட்டுத்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் ஊருக்குப் பெயர் தந்தது பூட்டல்ல. சமவெளியின் நடுவே பெரியதொரு திண்டைப் போட்டு வைத்தாற்போல் கிடக்கும் மொட்டைப் பாறை. அதன்மேல் 1605-ம் ஆண்டில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பத் தொடங்கினார் என்பர். 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். 1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் கோட்டை கும்பெனியார் வசமாயிற்று. இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் ஒருபுறம் சிறுமலை. மற்றொருபுறம், தூரத்தில், பழனி மலைத்தொடர். அம்மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள பழமையோடு ஒப்பிட்டால் இக்கோட்டை நேற்றுப் பிறந்த குழந்தைதான்! பழனிக்கு அருகே உள்ள பொருந்தலில் 2009, 2010-ம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்தபோது, ஓர் ஈமக்குழியில் நான்கு கால் ஜாடி ஒன்றும் அதனுள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல்லும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வுச்சாலை கணித்தது. மாண்டவரோடு நெல்லையும் வைத்துப் புதைத்த அந்தக் கைகளை நினைக்கும்போது மனம் உருகாதவர் யார்?

சமவெளியை விட்டு, வத்தலக்குண்டுப் பக்கமாக மலையேறினால் தாண்டிக்குடி வரும. காப்பிச் செடிகளின் பசுமைக்கு இடையே இவ்வட்டாரத்தில் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைபோன்ற கற்களைப் பக்கச் சுவர்களாக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் இவை. மலைமக்கள் சிலவற்றைக் குள்ளர் வீடு என்று அழைக்கிறார்கள். செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரிமார்கள் இக்கல்திட்டைகளைத் தேடி அலைந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. அதன்பின் மலையில் பாதைகளும் தோட்டங்களும் விடுதிகளும் பெருகின. புதையல் ஆசையால் கல்லைப் புரட்டுவோரும், கட்டடத்துக்குக் கல் தேடுவோரும் எக்காலத்திலும் உண்டல்லவா?

கோட்டைக்கு மதில் உண்டு, வாயில் உண்டு, பூட்டுப் போடலாம். காடெங்கும் சிதறிக் கிடக்கும் கல்திட்டைகளுக்குப் பூட்டு ஏது? அவற்றைக் கண்ணால் காணும் தூரத்தில் நித்தம் நடமாடுகிறவர்கள் பளியர் முதலிய பழங்குடி மக்களே. தேனும் கிழங்கும் தேடி, பாறைக் குடைவுகளில் தங்கி, பளிச்சியம்மனை வழிபட்டு வாழ்ந்து வந்தவர்கள் பளியர். எந்தப் பாறையின் கீழ் என்ன இருக்கிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆகவே, பழஞ்சின்னத்தைக் காக்க முனைவோர் முதலில் சென்று கேட்க வேண்டியது அவர்கள் குடிசை வாயிலிலேதான்.

நடப்பதோ பல சமயம் வேறுவிதம். 1958-ம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி மத்திய அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். நகரத்துக்கு அவசியமான விதி இது. ஆனால் சின்னமும் குடிசையும் அருகருகே இருக்கும் மலைக் குக்கிராமத்தில், மகனுக்குக் கலியாணமாகி ஓர் அறை கூட்ட விரும்பும் ஏழை என்ன செய்வான்? எல்லைக்கல்லைக் கண்டதும், காட்டைப்போல் இதுவும் கைவிட்டுப் போயிற்று என்றுதானே அஞ்சுவான்? அஞ்சுகிறவன் எதையும் காட்டிக் கொடுக்கமாட்டான்; பழஞ்சின்னம் மண்ணோடு மண்ணாவதே மிச்சம்.

இதற்கு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உரிமை ஆராய்ந்து முடியும் வரை வனவாசிகளை வெளியேற்றலாகாது என்கிறது. அதோடு நில்லாமல், தங்கள் இருப்பிடத்தின் பண்பாட்டுச் செல்வமும் இயற்கைச் செல்வமும் அழியாமல் காக்கும் பொறுப்பையும் அவர்களுக்கும் கிராம சபைக்கும் அளிக்கிறது. ஆஸ்திரேலியாவில் உலுரு என்னும் செம்பாறையை 1985-ல் அனங்கு மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களும் அரசும் சேர்ந்து அதை நிர்வகிக்கிறார்கள். புனிதப் பாறைமேல் ஏறவேண்டாம் என்று அம்மக்கள் நெடுநாள் கேட்டு வந்தது 2019-ல் நிறைவேறியது. பாறையும் கெடவில்லை, பார்க்க வருவோரும் நிற்கவில்லை.

நம் மலையிலும் இது நடக்கக்கூடியதே. கல்திட்டைகளைக் கணக்கெடுக்கும்போது பளியர் வழிகாட்டிகளுக்கு உரிய கூலியும், ஏட்டில் அவர்களுக்கு இடமும் கொடுக்கட்டும். எல்லைக்கல் நடுமுன் கிராம சபையைக் கூட்டிக் கேட்கட்டும். காவற்காரர் வேலை மலையடிவாரத்துச் சிபாரிசுக்குப் போகாமல் அம்மக்களின் பிள்ளைகளுக்கே கிடைக்கட்டும். அவர்களுடைய வீட்டை வாழவிட்டால்தான் மாண்டோரின் வீடும் நிலைக்கும்.