புத்தகத்துப் பேச்சு

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், ஆறு வயது மகளுக்குத் தர இயலாத நேரத்தைக் குழந்தை வளர்ப்பு நூல்களால் ஈடுகட்ட முயன்றேன். ஃபேபரும் மஸ்லிஷும் 1980இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், குழந்தையின் உணர்வுக்குப் பெயர் கொடுத்துப் பேசுமாறு சொல்கிறது. ஒரு மாலை, “உனக்கு ஏமாற்றமாக இருக்கிறது, இல்லையா?” என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு, “அம்மா, இது புத்தகத்துப் பேச்சா?” என்று கேட்டாள். அறிவுரையில் பிழையில்லை, மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்காமலே நான் அதைச் சொல்லியிருந்தேன்.

அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள் நூல் வேறு வகை. மருந்தைச் சுரண்டிய குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபின் சிறு துண்டுகளால் இணைக்க வேண்டும். டியூபுக்காகப் புணேயில் எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்கு இருவரும் நடந்தோம். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தோம். சதுரம் அழுத்தியதும் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. “ஏன்?” என்றாள். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. (முனைவர் பட்ட ஆய்வாளர் என்ற பெருமை அங்கே செல்லுபடியாகவில்லை.)

விளையாட்டு நூலை மதிப்பிட இப்போது என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: மறுநாள் குழந்தை தானாகவே அதைக் கேட்க வேண்டும். அவள் கேட்டாள். மூன்றாம் இயல் இன்னும் முடியவில்லை.