ஸான்டோரினி பார்க்கவில்லை!

"கிரீஸுக்குப் போனாயே, ஸான்டோரினி பார்த்தாயா?" என்று கேட்காத சிநேகிதி பாக்கியில்லை. "இல்லை" என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் தோன்றும் பாருங்கள், காசிக்குப் போய்க் கங்கையில் முழுகாமல் வந்தவளைப் பார்க்கிற மாதிரி!

போகாததற்கு நான்தான் காரணம். வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடமுமாக ஒரு போட்டோவைப் பர்ஸில் வைத்துக் கொண்டுதான் இவர் வீட்டை விட்டே கிளம்பினார். ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகும், அதைச் செலுத்த ஒரு கிழ மாலுமியும் அமர்த்தியாயிற்று. ஆகஸ்டு மாதம். ஆதன்ஸுக்கு அருகே துறையில் மாலுமி கடல் வரைபடத்தை விரித்தார்.

"ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கேயிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும். வானத்தில் துளி மேகம் இராது. வெயில் பளிச்சென்று இருக்கும். நாள் கணக்கில் விடாமல் வீசும். ஸான்டோரினிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். அங்கே எரிமலை வெடித்த பள்ளந்தான் கடல். 1,000 அடிக்கு மேலும் ஆழம். நங்கூரம் போட இடம் கிடைப்பதே துர்லபம்."

"நீ என்ன சொல்கிறாய்?" என்றார் இவர்.

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு என் பதில், "உங்கள் இஷ்டம்" என்பதுதான். அன்று என்னவோ, "பக்கத்துத் தீவுகளே போதும்" என்று சொல்லி விட்டேன். இவர் பேசவில்லை.

முதல் நாள் ஏஜினா. பிஸ்தாப் பருப்புக்குப் பேர் போன தீவு. 1828-ல் புதிய கிரீஸின் தற்காலிகத் தலைநகரம். குன்றின் மேல் அஃபாயியா தேவியின் கோயில், சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தியது. தூண்கள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. இவர், "ஹூம்" என்றார். மறுநாள் போரோஸ். தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கடல் ஓர் ஆற்றைப் போலத்தான் இருக்கிறது. அங்கேயும் "ஹூம்"தான்.

மூன்றாம் நாள் ஹைட்ரா. குப்பை லாரி போன்ற ஒன்றிரண்டைத் தவிர அங்கே மோட்டார் வண்டியே கிடையாது. பெட்டி, படுக்கை, செங்கல் எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான். 1821 சுதந்திரப் போருக்குக் கப்பல் கொடுத்த தனவந்தர்களின் கல் மாளிகைகள் துறைமுகத்தைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. 1957-ல் வெளிவந்த 'பாய் ஆன் எ டால்ஃபின்' படத்துக்காக ஸோபியா லாரன் வந்து நடித்ததும் இங்கேதான்.

துறைமுகமோ கையகலம். படகுகள் நடுவில் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகக் கரையை ஒட்டி வந்து, தொழுவத்து மாடுகள் மாதிரி வரிசையாக நிற்கும். கரைக்கு ஒரு பலகை. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் கொண்டு நான் அதில் நடந்ததைக் கரையில் ஒரு கூட்டமே வேடிக்கை பார்த்தது!

ராத்திரி காற்று பிடித்துக் கொண்டது. அந்தத் துறைமுகத்தின் வாய் வடக்குப் பார்த்தது. பாய்மரக் கயிறுகள் ஊளையிட்டன. படகுகள் ஒன்றோடொன்று இடித்தன. காலையில் பார்த்தால் வானம் நிர்மலமாக இருந்தது, காற்று மட்டும் ஓயவில்லை. நங்கூரச் சங்கிலிகள் நாலைந்து பின்னிக் கிடந்தன. அப்போது ஸான்டோரினிப் பக்கமிருந்து ஒரு படகு தள்ளாடி வந்து சேர்ந்தது. அதிலிருந்த அம்மாள் கரையில் கால் வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டாள். இவர்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வந்து வெகுநேரம் என் பக்கத்தில் நின்றார். பிறகு, "கழுதைச் சவாரி போகலாமா?" என்றார்.

போட்டோ இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. மே மாதத்தில் அந்தக் காற்றுக்கு அத்தனை வேகம் இராதாம். மாலுமியிடம் எனக்குத் தெரியாமல் விசாரித்து வைத்திருக்கிறார்!