ஆறு இலக்கத்தில் வாங்கிய கையெழுத்து

பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். நாலு சிஎன்சி, அப்பா காலத்து லேத் இரண்டு, பத்துப் பன்னிரண்டு பையன்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். "எங்க ஆபீஸ்ல பேப்பரே கிடையாது சார், எல்லாம் டிஜிட்டல் கையெழுத்துதான்" என்று சங்கக் கூட்டங்களில் நான் பெருமையடித்ததைக் கேட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் இரண்டு காரியங்கள் செய்திருக்கிறேன். முதலாவது சோம்பல். இரண்டாவது அதைவிடக் கேவலமானது.

சோம்பலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பாதிப் பெங்களூரு செய்கிற தப்பு என்பதால் சொல்வதும் சுலபம்.

அப்பா பெயரில் இருந்த தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினால்தான் வெண்டர் கோடு தருவோம் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். ஒன்று நான். இன்னொன்று குடியாத்தத்தில் இருக்கும் அக்கா, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எண்ணிக்கைக்குத்தான் சேர்த்தேன். 2006-இல் எம்சிஏ-21 வந்ததிலிருந்து கம்பெனி விவகாரத் துறைக்குப் போகிற படிவங்கள் எல்லாம் இணையத்தில்தான், டிஜிட்டல் கையெழுத்தோடுதான். ஆகவே இருவருக்கும் டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கினோம். ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. இதற்குச் சான்றிதழ் தரும் இமுத்ரா போன்ற நிறுவனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. போன் கேமரா முன் உட்கார்ந்து பெயர் சொல்லி, பான் கார்டைக் காட்டினால் முடிந்தது. கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி டோக்கன் வந்து சேர்ந்தது.

வந்த அன்றே அதை ஆடிட்டரிடம் கொடுத்தேன். திரும்ப வாங்கவே இல்லை.

ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு, மூடி உடைந்தது. அதற்குள் கல்யாண மண்டபத்துச் சாவிக்கொத்து மாதிரி முப்பது நாற்பது டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, கம்பெனிப் பெயரைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருப்பார்கள். பெயருக்குக் கீழே பின் நம்பர். என்னுடையதில் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எழுதியிருந்தது. டோக்கன் வாங்கும்போது வந்த நம்பர் அது. மாற்றச் சொல்லி அதனுடனே ஒரு சீட்டும் வந்திருந்தது. ஆர்ட்டிகிள்ஷிப் பையன் டப்பாவைத் துழாவி எடுப்பான், கம்ப்யூட்டரில் செருகுவான், நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்த நேரம் நான் ஷெட்டில் டூல் உடைந்ததற்குச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வேடிக்கைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த டோக்கனை உருவாக்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரகசியச் சாவி அதற்குள்ளேயே பிறக்கிறது. வெளியே நகலெடுக்க வழி கிடையாது. கையெழுத்துப் போடும்போது ஆவணம் முழுவதையும் பிழிந்து ஒரு சுருக்க எண் எடுத்து, அதைச் சாவியால் பூட்டுகிறது. பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது. 2000 அக்டோபர் 17-இல் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குப் பேனாக் கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்தது. அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது சான்றிதழ் வாங்கியவரின் கடமை என்கிறது. கை மாறிப் போனால் உடனே தெரிவிக்க வேண்டும். முறைப்படி பாதுகாக்கப்பட்ட மின்கையெழுத்தை உரியவர்தான், தெரிந்துதான் போட்டார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஆறுதல் தந்த ஒரே ஆள் பில் கிளிண்டன். மின்கையெழுத்துக்கான அமெரிக்கச் சட்டத்தில் 2000 ஜூன் 30-இல் பிலடெல்பியாவில் ஸ்மார்ட் கார்டு போட்டுக் கையெழுத்திட்டார். அதற்கு அவர் வைத்த கடவுச்சொல் 'Buddy'. அவருடைய நாயின் பெயர். அது அப்போதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அவராவது கார்டைத் தானே செருகினார்.

எங்கள் மாதிரிச் சின்னக் கம்பெனிக்கு வருஷத்தில் இரண்டு போர்டு மீட்டிங் போதும். அந்த இரண்டும் நடந்ததில்லை. நடந்ததாகத் தீர்மானங்கள் இருக்கின்றன. அவற்றில் நானும் அக்காவும் பச்சை டிக்கோடு கையெழுத்திட்டிருக்கிறோம். அக்காவின் டோக்கனும் அந்த டப்பாவில்தான் இருந்தது.

இனி இரண்டாவது.

2022-இல் ஓவர்டிராஃப்டை நாற்பது லட்சத்துக்கு உயர்த்தக் கேட்டேன். இரண்டு டைரக்டர்களும் சொந்த ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றது வங்கி. பத்திரங்கள் எல்லாம் மின்வடிவில். ஆதார் இ-சைன் 2015-இலிருந்தே இருக்கிறது. இதற்கு டோக்கன்கூட வேண்டாம். லிங்க் வரும், திறந்து படித்து, 'படித்துப் பார்த்தேன், சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் செய்து, ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். அந்த நிமிடத்தில் ஒரு சாவியை உண்டாக்கி, கையெழுத்தைப் போட்டு, சாவியை அழித்துவிடுகிறார்கள். சான்றிதழின் ஆயுள் முப்பது நிமிடம்.

அக்காவின் லிங்க் கம்பெனி மெயிலுக்குத்தான் வந்தது. அது என் போனிலேயே திறக்கும். திறந்தேன். இருபது பக்கத்துக்கு மேல் இருந்தது. விரலால் கீழே தள்ளிவிட்டு அவள் பெயரில் டிக் செய்தேன். ஆதார் எண் என்னிடம் இருந்தது. ஓடிபி மட்டும் அவள் போனுக்குப் போகும். கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரு நம்பர் வரும், கொஞ்சம் சொல்லு."

"என்னடா, ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவியில சொல்றாங்களே?"

"நான் வெளி ஆளாக்கா? கம்பெனி பேப்பர்தான், எப்பவும் போடறதுதான்."

பின்னால் குக்கர் விசில் கேட்டது. கண்ணாடியைத் தேடினாள். ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, வகுப்பில் டிக்டேஷன் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சரியாகக் கேட்டதா என்று இன்னொரு தடவையும் சொன்னாள். சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய் இடித்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள் என்று அவள் பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள். ஜாமீன் என்று சொல்லியிருந்தால் பத்திரத்தை அனுப்பச் சொல்லியிருப்பாள், படித்திருப்பாள், பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. அவசரம், அன்று கடைசி நாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வங்கி அப்படி எந்தக் கெடுவும் வைத்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் இரண்டு வாடிக்கையாளர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். வட்டி கட்டுவது நின்றது. வாராக்கடன் ஆகிவிடும் 90 நாள் கெடு நெருங்கும்போது வங்கியிலிருந்து ஜாமீன்தாரருக்குப் பதிவுத் தபால் போயிற்று. அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் காலை ரயிலேறி வந்து, கண்டோன்மென்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஷெட் வாசலில் நின்றாள்.

"நான் எப்போடா இதுல கையெழுத்துப் போட்டேன்?"

பிடிஎஃப்பைத் திறந்து காட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் பெயர், தேதி, நேரம் நொடி வரை இருந்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கட்டிங் ஆயில் வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு வரி விடாமல். டீ ஆறிப்போயிற்று. பிறகு திரும்பி, "ஜாமீன் பத்தி இவங்க போட்ட ஷரத்து என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியவில்லை. அக்காவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய பத்திரத்தை நானும் படித்திருக்கவில்லை. கம்பெனியிடம் கேட்காமலே நேராக ஜாமீன்தாரரிடம் வசூலிக்கலாம் என்று அதில் இருந்தது. அவள்தான் படித்துக் காட்டினாள்.

அடுத்தவரின் மின்கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அவள் போலீஸுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போகாததால் நான் செய்தது சின்னதாகிவிடாது. கிளம்பும்போது, "உயிலையும் எனக்காக நீயே இப்படி எழுதிடுவியோ?" என்று கேட்டாள். உயிலுக்கு மின்கையெழுத்து செல்லாது, சட்டம் அதை விலக்கி வைத்திருக்கிறது என்று நான் விளக்கம் சொன்னேன். அந்த நேரத்தில்கூட எனக்கு வாயில் வந்தது சட்டம்தான், மன்னிப்பு இல்லை.

நிலுவையைக் கட்டிக் கணக்கைச் சரிசெய்துவிட்டேன். இரண்டு டோக்கனையும் ஆடிட்டரிடமிருந்து வாங்கியாயிற்று. "எல்லா கிளையன்டும் இப்படிக் கேட்டா கடைசித் தேதிக்குள்ள நான் எப்படி சார் ஃபைல் பண்றது?" என்றார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது, கொடுத்தது நான். பின்னை மாற்றினேன். அக்காவின் டோக்கன் குடியாத்தத்தில் அவள் பீரோவில் இருக்கிறது. இப்போது எந்தப் படிவத்துக்கும் இரண்டு நாள் முன்னதாக நகலை அனுப்பவேண்டும். சிவப்பு மையில் திருத்தம் போட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறாள். போன தடவை கூட்டல் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

ஜாமீனிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்று ஜாமீனோ சொத்தோ கேட்கிறார்கள். ஷெட் வாடகை ஷெட். மெஷின்கள் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கின்றன. நாற்பது லட்சத்துக்கு அவள் இன்னும் பொறுப்பாளிதான்.