பரீட்சையும் தலைவலியும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கு வந்துவிட்டாலோ, வீடு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது!

பத்திரிகை வேலையாக ஏர்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இராமநாதபுரத்தில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தாயும் மகளும். பெண் பன்னிரண்டாம் வகுப்பு. சாயங்காலமானால் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல் வலிக்கிறதாம். "புத்தி பேதலிச்சுடுமோன்னு பயமா இருக்கு, தங்கச்சி. அதான் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தாயார் என் காதோடு சொன்னாள். பெண்ணின் காதிலும் அது விழுந்தது. பாவம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏர்வாடி என்றாலே நம்மவர்களுக்கு அந்த ஞாபகந்தான். சித்தம் கலங்கியவர்களை அந்தத் தர்காவுக்கு அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அவ்வூரில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை யார் மறப்பார்கள்? பிரார்த்தனை செய்துகொள்ளட்டும், மனத்துக்கு ஆறுதல். ஆனால் இவ்விதத் தலைவலிக்கும் சித்தப்பிரமைக்கும் சம்பந்தமில்லை, அம்மணிகளே! 'ஒரு மாதிரியாகிவிட்டாளோ' என்று வீட்டார் பார்க்கும் பார்வையே வலியை இரட்டிப்பாக்கிவிடும்.

மணிக்கணக்கில் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தால் கழுத்தும் தோளும் விறைத்துப்போகின்றன. மார்க்கைப் பற்றிய கவலை வேறு பல்லைக் கடிக்க வைக்கிறது. "உடம்பைத் தளர்த்து" என்றால் யாருக்கு வருகிறது? அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார்: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு. ஸ்வீடனில் 1980-களில் பள்ளிக்கூடங்களிலேயே மாணவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கற்பித்தார்கள். பலருக்குத் தலைவலி குறைந்தது.

கீழக்கரை வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்தேன். தோள்களைக் காதுவரை தூக்கி ஐந்து எண்ணும்வரை இறுக்க வேண்டும்; பொத்தென்று விட்டுவிட்டு, மெள்ள மூச்சுவிட்டபடி அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். அப்புறம் புருவத்தை உயர்த்தி விடுவது, தாடையை இறுக்கி விடுவது, கைவிரல்களை முறுக்கி விடுவது. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டுமே! வீட்டில் சவாசனத்தில் படுத்துக் கால் மணி நேரம் செய்தால் இன்னும் விசேஷம். வலி வந்த அன்று மட்டும் செய்தால் போதாது. தினமும் செய்ய வேண்டும். நடுநடுவே எழுந்து மொட்டைமாடியில் நாலு சுற்று நடக்கட்டும். வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், தண்ணீர் இவற்றைப் பரீட்சைக்காகக் குறைக்காதீர்கள்.

கடைமாத்திரையை அடிக்கடி விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், திடீரென்று மண்டை பிளக்கிறாற்போல் வலித்தாலும், பார்வை மங்கினாலும், விடியற்காலை வலியோடு வாந்தி வந்தாலும் இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.