அவையச்சமும் நினைவூன்றலும்

பள்ளி இலக்கிய மன்றத்தில் பேசவேண்டிய மாணவன் ஒருவன் தன் உரையைப் பலமுறை படித்து மனப்பாடம் செய்திருக்கிறான். வீட்டுத் திண்ணையில் தங்கையின்முன் தங்குதடையின்றிச் சொல்லியும் காட்டியிருக்கிறான். ஆயினும், பெயர் அழைக்கப்பட்டு மேடையேறியதும் அவன் நா வறள்கிறது, முழங்கால் நடுங்குகிறது, ‘அவைத்தலைவர் அவர்களே’ என்னும் விளிக்குப்பின் வரவேண்டிய சொல் வரவில்லை. கற்றது எங்கும் போய்விடவில்லை. மேடையினின்றும் இறங்கி மரத்தடிக்கு வந்தவுடன் ஒரு சொல்லும் விடாமல் முழுவதும் நினைவுக்கு வருகிறது. இசை பயின்ற பெண்ணுக்கும் இவ்வாறே நேர்வதுண்டு. ஆசிரியர் இல்லத்தில் நிறைந்து ஒலித்த குரல், அரங்கில் கம்மிப்போகிறது.

இத்துன்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதலை அடுத்து அவையஞ்சாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது கருதத்தக்கது.

அஞ்சுங்கால் உடலில் நிகழ்வனவற்றை மருத்துவ நூலார் தெளிவாக விளக்குவர். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. உடனே நெஞ்சு விரைந்து துடிக்கிறது, மூச்சு ஆழமின்றிக் குறுகுகிறது, உமிழ்நீர் குறைகிறது, தசைகள் இறுகுகின்றன. புலியைக் கண்டு ஓடுதற்கு இவ்வேற்பாடு மிக நன்று. பாடுதற்கும் பேசுதற்கும் அன்று. குரல்நாண்களை அதிரச் செய்வது மூச்சே ஆதலின், மூச்சு குலைந்தால் குரலும் குலையும்.

இவ்வச்சத்தால் அல்லலுற்றோருள் காந்தியடிகளும் ஒருவர். அவர் இலண்டனில் சட்டம் பயின்ற நாளில் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஒருமுறை அக்குழுவில் தம் கருத்தை எழுதிக்கொண்டு சென்றும், அதனைப் படிக்கும் துணிவு அவருக்கு உண்டாகவில்லை. தலைவர் வேறொருவரைக்கொண்டு படிக்கச் செய்தார். 1891ஆம் ஆண்டு தாயகம் திரும்புமுன், நண்பர்களுக்கு ஒரு விருந்தளித்தார். அங்கே நகைச்சுவை ததும்பப் பேசவேண்டுமென்று அரிதின் முயன்று ஆயத்தம் செய்திருந்தும், முதல் வாக்கியத்திற்குமேல் நினைவு ஓடவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார். பின்னர்ப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் சாட்சியை வினவ எழுந்து நின்றபோது தலை சுழன்றது. கேட்கவேண்டிய வினா ஒன்றும் தோன்றவில்லை. கட்டணமாகிய 30 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லி வெளியேறினார். இவற்றையெல்லாம் தம் தன்வரலாற்றில் சிறிதும் ஒளியாது எழுதியிருப்பது அவர்தம் பெருமை.

இங்ஙனம் தடுமாறுவோரிடம் குறைவது அறிவன்று. மனம் இரண்டாகப் பிளவுறுகிறது. ஒரு பாதி சொல்லவேண்டிய பொருளைப் பற்றி நிற்க, மறுபாதி அவையோர் முகந்தோறும் சென்று, ‘இவர் நகைப்பாரோ, அவர் இகழ்வாரோ’ என்று அலைகிறது. அந்நிலையில், ‘அஞ்சாதே’ என்று பிறர் கூறும் அறிவுரை அன்புடையதே எனினும் பயனற்றது. அஞ்சாதிருக்க முயல்பவன் தன் அச்சத்தையே மேலும் நினைந்துகொண்டிருக்கிறான்.

அலையும் மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தும் பயிற்சியைப் பௌத்தர் நெடுங்காலமாகப் போற்றிவந்தனர். பாளி மொழியில் அதற்குச் ‘சதி’ என்று பெயர். தமிழில் அச்சொல் வேறு பொருள் தருமாதலின், நினைவூன்றல் என்பதே இங்குப் பொருந்தும். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பார் இதனை நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் இசைவாணரும் நடிகரும் இதனை மேற்கொண்டனர்.

பயிற்சி எளியது, ஆனால் நாள்தோறும் செய்யப்படல் வேண்டும். அமைதியாக அமர்ந்து, மூச்சு உட்புகுவதையும் வெளிச்செல்வதையும் உணர்ந்துகொண்டிருத்தலே அது. சிறிது நேரத்தில் மனம் எங்கோ ஓடிவிடும். அதனை வையாமல், ‘ஓடிற்று’ என்று அறிந்து மீண்டும் மூச்சினிடத்தே கொணர்தல் வேண்டும். ஓடாமை ஒருவர்க்கும் கைகூடுவதன்று. மீட்டுக் கொணர்வதே பயிற்சி. மேடையிற் சொல் மறந்தபோது உதவுவதும் இவ்வாற்றலே. பாதங்கள் தரையில் ஊன்றியிருப்பதை உணர்ந்து, வாங்கும் மூச்சினும் விடும் மூச்சை நீளச் செய்தால் நெஞ்சின் விரைவு தணியும். நெஞ்சுத் துடிப்பை நேரே அடக்குதல் எளிதன்று. மூச்சோ தானாகவும் இயங்கும், ஏவினாலும் கேட்கும். பாடம் செய்யாது மேடையேறுபவனுக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி ஒன்றும் செய்யமாட்டாது.

பாடகர்க்கு மற்றொரு துணையும் உண்டு. அது தம்பூரா. பஞ்சமம், இரு சாரணைகள், மந்தரம் என்னும் நான்கு தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் இடையறாது ஒலிக்கின்றன. அஞ்சிய பாடகர்க்குக் காலப்பிரமாணம் தம்மை அறியாமலே விரைந்துவிடுவதுண்டு. தம்பூராவோ எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. செவியை அவ்வொலியில் வைத்துவிட்டால், முன்வரிசையில் தலையசைப்பவரையும் எழுந்து போகின்றவரையும் எண்ணிப்பார்க்க மனத்திற்கு இடமிராது. கச்சேரி தொடங்குமுன் சிறிது நேரம் சுருதியைக் கேட்டு அமர்ந்திருக்கும் வழக்கத்தைச் சிலர் வெறுஞ் சடங்கென்று கருதுகின்றனர். அவர்கள் பாடிப் பார்த்தவரல்லர்.

பேச்சாளர்க்குத் தம்பூரா இல்லை. அவர்தம் சுருதி, பேச எடுத்துக்கொண்ட பொருளே. 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில், இந்திய வணிகர் ஒருவரின் இல்லத்தில் அந்நகரத்து இந்தியர்களைக் கூட்டிக் காந்தியடிகள் பேசினார். வாழ்வில் தாம் ஆற்றிய முதற் பொதுச் சொற்பொழிவு அதுவே எனலாம் என்பது அவர் கருத்து. வாணிகத்தில் வாய்மை இயலாது என்று வணிகர்கள் சொல்லிவந்ததை அவர்கள் முகத்துக்கு நேரேயே மறுத்துரைத்தார். அன்று அவர் தம் மூச்சை நோக்கினார் என்று சொல்வதற்கில்லை. உள்ளத்தில் நின்றது, அந்நாட்டில் இழிவுபட்டு வாழ்ந்த தம் மக்களின் நிலை. தம்மைப் பற்றிய எண்ணத்திற்கு அங்கே இடம் குறைவு. கூச்சம் முற்றும் நீங்கிவிடவுமில்லை. புதிய அவைகளின்முன் பிற்காலத்தும் தாம் தயங்கியதுண்டு என்று எழுதியிருக்கிறார்.

அக்கூட்டத்தில், விரும்புவோர்க்கு ஆங்கிலம் கற்பிப்பதாகவும் அவர் கூறினார். தங்கள் இடத்திற்கே வந்து கற்பிப்பதானால் கற்பதாக மூவர் முன்வந்தனர். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் எழுத்தர், மற்றவர் சிறுகடைக்காரர். பம்பாய் நீதிமன்றத்தில் ஒரு வினாவும் கேட்கமாட்டாது திரும்பியவர், அம்மூவரின் இடந்தேடிச் சென்று பாடம் சொல்லிவந்தார்.